தண்ணீர்த் தொட்டிக்குக் குரல் வந்த புதன்கிழமை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே அரசுப் பேருந்து ஓட்டுகிறவன் ஜெகதீசன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று நின்று நின்று போய், திண்டிவனத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி அதே சாலையில் வருவான். கூட்டேரிப்பட்டில் மயிலம் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். முகூர்த்த நாளென்றால் சீர்வரிசைத் தட்டும் பூக்கூடையுமாக ஒரு கல்யாணமே இறங்கும். அவர்கள் இறங்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான்.

அதனால் வார ஓய்வு நாளான புதன்கிழமையில் ஜெகதீசனுக்கு முதலில் பிடித்தது சத்தமில்லாமல் இருப்பது. இரண்டாவது, ஊரே அவசரமாக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டாவது டம்ளர் டீயோடு வாசல்படியில் நிற்பது. மூன்றாவதுதான் பின்னறை. அங்கே பழைய மேசை ஒன்றின் மேல் சால்டரிங் ராடு, ஈயக்கம்பிச் சுருள், பிரித்துப் போட்ட ரிமோட்டுகள், தீபாவளி சீரியல் விளக்கு, என்னவென்று அவனுக்கே தெரியாத சில பச்சை நிறப் பலகைகள் எல்லாம் கிடக்கும்.

இந்தப் பழக்கம் கொரோனா ஊரடங்கில் தொற்றியது. பேருந்துகள் நின்றுபோய், ஜெகதீசன் வீட்டுக்குள் நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த நாளில் கொசு பேட் வேலை செய்யாமல் போனது. கடையெல்லாம் மூடியிருந்ததால் புதிது வாங்க வழியில்லை. ஸ்குரூவைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். சுருக்கென்று ஒரு அடி விழுந்தது. கையை உதறிவிட்டு, “உள்ள என்னமோ இருக்குது” என்று வேணியிடம் சொன்னான். வேணி அவன் மனைவி. “இருக்கட்டும், நீங்க வெளிய இருங்க” என்றாள். அவன் கேட்கவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, அறுந்திருந்த ஒரு ஒயரைக் கண்டுபிடித்தான். ஊரடங்கு தளர்ந்ததும் திண்டிவனத்தில் டீ குடிக்கக் கிடைத்த இடைவெளியில் ஓடிப்போய் சால்டரிங் ராடு வாங்கி வந்தான். அன்றைக்கு கொசு பேட்டில் நீலப்பொறி பறந்தபோது, புதுப் பேருந்தை முதல் ஆளாக ஓட்டிப் பார்த்ததைவிட அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் செய்தவற்றில் பாதி உருப்படவில்லை. இருட்டினால் தானே எரியும் என்று சொல்லி வாசலில் ஒரு விளக்கு வைத்தான். அது பகலெல்லாம் எரிந்து, பொழுது சாய்ந்ததும் சமர்த்தாக அணைந்துபோனது. அழைப்புமணி ஒன்று செய்தான். யாராவது மின்விசிறியைப் போட்டால் அது அடிக்கும். வேணி போய்க் கதவைத் திறந்து பார்ப்பாள். அவள் திட்டினாலும் சிரித்துக்கொண்டே திட்டுவாள். தனியார் பள்ளி ஒன்றில் எல்கேஜி டீச்சராக இருப்பதால், பொருள்களைப் பிரித்துப் போடுகிறவர்களோடு இருப்பது அவளுக்குப் பழகிய வேலைதான்.

வீடு விழுப்புரத்தில் வழுதரெட்டி பக்கம். பக்கத்து வீட்டில் சிக்கந்தர் பாட்சாவும் அவர் மனைவி மஹபூப் பீவியும் இருந்தார்கள். பாட்சா பல வருஷம் குவைத்தில் ஒரு பெரிய கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டவர். பீவிக்குப் பிறந்த ஊர் கோட்டக்குப்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். பழகுவதற்கு அது தடையாக இருந்ததில்லை. தண்ணீருக்கும் தடையாக இருந்ததில்லை என்பதுதான் சிக்கல். ஜெகதீசன் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால், வழியும் குழாய் நேராகப் பீவியின் முற்றத்தைப் பார்த்துத்தான் ஊற்றும். அங்கேதான் பீவி மல்லாட்டை காய வைப்பார்; நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர் அது. பக்கத்துக் கிராமமான காணையிலிருந்து மூட்டையாக வாங்கி, காயவைத்து, உடைத்து, செக்குக்குக் கொடுத்து எண்ணெய் ஆட்டி வாங்குவது அவர் வழக்கம். அந்த மாதத்தில் இரண்டு தடவை மல்லாட்டை நனைந்துவிட்டது. இரண்டு தடவையும் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தது ஜெகதீசன். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பூமிக்குள் ஓடுவதால் வீட்டுக்குள் ஒரு சத்தமும் கேட்காது.

அந்தப் புதன்கிழமை காலையில் வேணி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “மோட்டார் போட்டீங்கன்னா அங்கயே நில்லுங்க. அந்த ஒயரக் கையில எடுத்தீங்கன்னா ஒலகமே மறந்துபூடும் உங்களுக்கு. அக்கா இன்னிக்கும் காய வெச்சிருக்காங்க.”

“நான் இன்னா சின்னப் புள்ளையா?”

“சின்னப் புள்ளைங்க ரெண்டு வாட்டி சொன்னா கேட்டுக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவளுக்குத் தெரியாத ஒரு விஷயம் ஜெகதீசனிடம் இருந்தது. முந்தின நாள் ஒரு பார்சல் வந்திருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. அதில் சின்ன மைக் உண்டு. ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் கொஞ்ச நேரம் பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் தொட்டால் அதையே திருப்பிச் சொல்லும். தொட்டியின் மேல்விளிம்பில் இரண்டு ஒயரைத் தொங்கவிட்டால், தண்ணீர் ஏறி வந்து இரண்டையும் தொடும்போது போர்டு பேசத் தொடங்கும். பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒன்றையும் அதோடு சேர்த்தால் வீடு முழுக்கக் கேட்கும். வேணி சாயங்காலம் மோட்டார் போடும்போது தொட்டியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை.

மெதுவாகக் குளித்தான். மெதுவாக இட்லி தின்றான். பிறகு மாடியேறி ஒயரைத் தொங்கவிட்டு, கீழே வந்து, சோதித்துப் பார்ப்பதற்காக மோட்டாரையும் போட்டுவிட்டு பின்னறையில் உட்கார்ந்தான். ஈயம் உருகும் வாசனை எழுந்தபோது அவனுக்கு அந்த நாளே தன் பையில் இருப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் சிக்கந்தர் பாட்சா உள்ளே வந்தார். புதன்கிழமையென்றால் அவரும் வந்துவிடுவார். அவருக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பது பிடிக்கும், பேசுவது இன்னும் பிடிக்கும்.

“இன்னிக்கு இன்னா ஜெகா?”

ஜெகதீசன் விஷயத்தைச் சொன்னான். பாட்சாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “மொதல்ல நீ பேசு.”

ஜெகதீசன் பொத்தானை அழுத்திக்கொண்டு, “தண்ணி ரொம்பிடுச்சு, மோட்டார நிறுத்துங்க” என்றான். பிறகு போர்டில் மாட்டியிருந்த இரண்டு துண்டு ஒயரையும் ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்தான். ஸ்பீக்கர் அதையே சொன்னது. தன் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவன் நினைத்ததே இல்லை.

“டெப்போல லீவு கேக்குற மாதிரி இருக்குதுப்பா” என்றார் பாட்சா.

இரண்டாம் தடவை ஜெகதீசன் குரலை உயர்த்தி, “ஏய், மோட்டார நிறுத்து” என்றான்.

“இத வேணி கேட்டுச்சுன்னா உனக்கு சோறு கெடையாது. குடு, நான் பேசுறேன்.” பாட்சா போர்டை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். “ஜல்தி, ஜல்தி. தண்ணி கலாஸ்.”

“கலாஸ்னா இன்னா பாய்?”

“குவைத்துல எல்லாத்துக்கும் இதான். முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

“தண்ணி முடிஞ்சுதுன்னா யாராச்சும் மோட்டார நிறுத்துவாங்களா? போடத்தான் செய்வாங்க.”

பாட்சா, “ஆமாப்பா, பேஜாரா பூடும்” என்று ஒப்புக்கொண்டார்.

டம்ளர் தண்ணீரில் நனைப்பதும் கேட்பதும் சிரிப்பதுமாக நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஜெகதீசன், இந்தத் தடவை பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவரைப் போல நிதானமாகப் பேசிவிடுவது என்று முடிவு செய்தான். பொத்தானை அழுத்தினான். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான். வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து மஹபூப் பீவியின் குரல் வந்தது.

“ஜெகதீசு, யப்பா ஜெகதீசு. மோட்டார நிறுத்துடா ராசா. மல்லாட்டை எல்லாம் மெதக்குது. ஏங்க, நீங்களும் அங்கதான் குந்திக்கினு இருக்கீங்களா?”

இருவரும் எழுந்த வேகத்தில் ஸ்டூல் ஒரு பக்கம் விழுந்தது. ஜெகதீசன் சமையலறைக்கு ஓடி சுவிட்சை அணைத்தான். வெளியே வந்து பார்த்தால் மேலேயிருந்து இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பீவியின் முற்றத்தில் விரித்திருந்த தார்ப்பாயின் மேல் ஒரு சிறு குளம். அதில் மல்லாட்டை மிதந்து சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. பீவி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையில் முறத்தோடு நின்றார். கூப்பிட்டபோது இருந்த கோபம் இப்போது இல்லை. இரண்டு ஆண்களும் ஈரத்தில் வழுக்கி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்த கோலத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

“வாரி எடுத்துக்கினு போயி நம்ம மாடியில கொட்டுங்க. ரெண்டு பேரும்தான்” என்றார்.

கூடை கூடையாகச் சுமந்தார்கள். நல்ல வெயில். கால் பொசுங்கும் மாடித் தளத்தில் பரப்பிக் கிளறிவிட்டு இருவரும் கீழே இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பீவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழியும் குழாயை அண்ணாந்து பார்த்தார்.

“அந்தக் குழாய்க்கு ஒரு எல்போ மாட்டி உங்க பக்கமா திருப்பிவுட்டா தீந்துது. இதுக்கு எதுக்கு தம்பி இத்தன பாடு?”

ஜெகதீசனுக்கு இது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஆனாலும், “அது பிளம்பர் வேல, அக்கா. அதுல இன்னா இருக்குது?” என்றான். பீவிக்கு அது விளங்கவில்லை. பாட்சாவுக்கு விளங்கியது, தலையாட்டினார்.

பின்னறைக்குத் திரும்பி, விழுந்த ஸ்டூலை நிமிர்த்திப் போட்டுவிட்டு, ஜெகதீசன் சும்மா ஒயரை டம்ளரில் நனைத்தான். போர்டில் ஒன்றும் பதிந்திருக்காது என்றுதான் நினைத்தான்.

“ஜெகதீசு, யப்பா ஜெகதீசு. மோட்டார நிறுத்துடா ராசா” என்றது ஸ்பீக்கர்.

ஜெகதீசன் பாதி எழுந்துவிட்டான். பாட்சா முழுதாகவே எழுந்து வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார். பிறகுதான் இருவருக்கும் புரிந்தது. பாட்சா சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“பாத்தியா, கால் தானா எழுந்துக்குது. குவைத்துல இருந்தப்பவும் போன்ல இந்தக் குரல் வந்துச்சுன்னா எழுந்து நின்னுதான் பேசுவேன். கூட இருக்குற மலையாளத்துப் பசங்க, மொதலாளி போனான்னு கேப்பானுங்க.”

“இதயே வெச்சிடலாம் பாய்.”

“வை. இதவிட நல்ல குரல் கெடைக்காது.”

ஸ்பீக்கரை சமையலறையில் மோட்டார் சுவிட்சுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்கள். மாடியிலிருந்து ஒயர் ஜன்னல் வழியாகப் பின்னறை மேசையிலிருந்த போர்டுக்கு இறங்கியது. எல்லாம் தயார். ஆனால் தொட்டி நிறைந்திருந்தது. சாயங்காலம் வேணி மோட்டார் போட வேண்டுமென்றால் தொட்டி காலியாக வேண்டும். ஜெகதீசன் தன் காக்கி உடுப்பைத் துவைத்தான். ஸ்கூட்டரைக் கழுவினான். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தான், கேட்டைத் தேய்த்தான், முருங்கைக்கும் வாழைக்கும் தாராளமாகத் தண்ணீர் விட்டான். மத்தியானம் பள்ளி விட்டு வந்த வேணி, பளபளவென்று நின்ற கேட்டைப் பார்த்துவிட்டு அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“உடம்பு நல்லாத்தான இருக்குது?”

“ஏன், லீவு நாள்ல வீட்டு வேல செய்யக்கூடாதா?”

“செய்யலாம். செஞ்சு பாத்ததில்ல, அதான்.”

சாயங்காலம் குழாயில் தண்ணீர் ஒழுகி ஒழுகி நின்றது. வேணியே மோட்டாரைப் போட்டாள். மேலே மாட்டியிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். அவன் மாட்டுகிற எத்தனையோ பெட்டிகளில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் வண்ணம் தீட்டும் தாள்களில் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெகதீசன் பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்றான். பாட்சா கொல்லைப்புறமாக வந்து அவனோடு சேர்ந்து நின்றார்.

“ஜெகதீசு, யப்பா ஜெகதீசு. மோட்டார நிறுத்துடா ராசா. மல்லாட்டை எல்லாம் மெதக்குது.”

வேணி தாள்களைப் போட்டுவிட்டு எழுந்தாள். “இதோக்கா, இதோ நிறுத்திட்டேன்” என்று சொல்லிக்கொண்டே ஓடி சுவிட்சை அணைத்துவிட்டு, அதே ஓட்டத்தில் பின்வாசல் வழியாகச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மஹபூப் பீவி முற்றத்தில் நாற்காலி போட்டு அமைதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்கக்கா. ரொம்ப நனைஞ்சுடுச்சா?”

“எது?”

“மல்லாட்டைதான். நீங்க கூப்டீங்களே.”

“நான் வாயே தொறக்கலியே வேணி.”

அந்த நேரத்தில் ஜெகதீசன் யோசிக்காமல் விட்ட ஒரு விஷயம் வெளியே வந்தது. மோட்டார் நின்றுவிட்டது, ஆனால் தொட்டியில் தண்ணீர் அதே மட்டத்தில் ஒயரைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அதனால் பெட்டி நிற்கவில்லை. “ஏங்க, நீங்களும் அங்கதான் குந்திக்கினு இருக்கீங்களா?” என்று கேட்டு முடித்துவிட்டு, மறுபடியும் “ஜெகதீசு, யப்பா ஜெகதீசு” என்று முதலிலிருந்து தொடங்கியது. பீவி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். அவர் குரல் மட்டும் வேணி வீட்டுச் சமையலறையிலிருந்து தெருமுனை வரைக்கும் கேட்டது. எதிர்வீட்டில் யாரோ தங்கள் மோட்டாரை அணைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

“யா அல்லா, யாரது என்ன மாதிரியே பேசுறது?” என்றார் பீவி.

வேணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “மொதல்ல போயி அந்த ஒயரப் புடுங்குங்க” என்று பின்னறைப் பக்கம் திரும்பிச் சொன்னாள். பள்ளியில் பேசுகிற குரல் அது. ஜெகதீசன் வெளியே வந்து, தலையைச் சொறிந்துகொண்டே போய்ப் பிடுங்கினான். வீடு அமைதியானது. பாட்சாவும் வெளியே வந்தார்.

பீவி தன் கணவரைப் பார்த்தார். “நான் இப்டியா கத்துறேன்?”

“இல்ல இல்ல. இதுல கொஞ்சம் சத்தம் கம்மி” என்றார் பாட்சா.

பீவி கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். வேணி சுவரில் சாய்ந்து சிரித்தாள். ஓய்ந்ததும் பீவி எல்லாரையும் கூட்டிக்கொண்டு பின்னறைக்கே வந்துவிட்டார். இத்தனை பேர் கேட்கிற விஷயமென்றால் மரியாதையாகப் பேசிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, பொத்தானை அழுத்தினார். “அன்புள்ள ஜெகதீசன் அவர்களே, தங்கள் தொட்டியில் நீர் நிரம்பிவிட்டது. தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும். நன்றி, வணக்கம்.”

எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். “அக்கா, இதக் கேட்டா எனக்குத் தூக்கந்தான் வரும். பழசே இருக்கட்டும்” என்றாள் வேணி.

ஆனால் பழசு இல்லை. அந்தச் சின்னப் போர்டு ஒரு பேச்சைத்தான் வைத்துக்கொள்ளும். புதிதாகப் பேசினால் முன்னது போய்விடும். மறுபடி கத்தச் சொன்னார்கள். பீவி முயன்று பார்த்தார், வரவில்லை. “கோவம் வராம எப்டிக் கத்துறது?” என்று கேட்டார்.

பாட்சா ஜெகதீசனைப் பார்த்துக் கண்ணடித்தார். ஜெகதீசன் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பாட்சா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சாவகாசமாக, “என்ன சொல்லு, மீன் கொழம்புன்னா கோட்டக்குப்பத்துல உன் தங்கச்சி வெக்கிறதுதான்” என்றார்.

“இன்னா சொன்னீங்க? இத்தன வருசம் ஆக்கிப்போட்ட கை இங்க இருக்குது, நாக்குல நரம்பில்லாம பேசுறீங்களா? நாளையிலேருந்து அங்கயே போயித் துண்ணுங்க” என்று வெடித்த பீவி, ஜெகதீசனின் கையையும் போர்டையும் பார்த்துவிட்டு, அதே மூச்சில், “போறப்ப அந்த மோட்டாரையும் நிறுத்திட்டுப் போங்க” என்று முடித்தார்.

அதுவே இன்றுவரைக்கும் அந்தத் தொட்டியின் குரலாக இருக்கிறது. மறுநாளே பாட்சா கடையில் ஒரு எல்போ வாங்கிவந்து குழாயை மறுபக்கம் திருப்பிவிட்டார். அதற்குக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. இருந்தாலும் பெட்டியைக் கழற்ற யாரும் சம்மதிக்கவில்லை. புதிதாக வருகிற விருந்தாளிகள் அதைக் கேட்டு நடுங்குவார்கள், பிறகு காரணம் கேட்பார்கள், காரணம் சொல்ல நான்கு பேரும் வேண்டும்.

ஆனால் அந்தப் புதன்கிழமை அத்தோடு முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் போன பிறகும் வேணி பின்னறையிலேயே நின்றிருந்தாள். போர்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த அறைக்குள் அவள் பெருக்குவதற்குத் தவிர வந்ததில்லை.

“மோட்டார் நின்னப்பவும் இது பேசிக்கினே இருந்துச்சே, அது ஏன்?”

“தண்ணி இன்னும் ஒயரத் தொட்டுக்கினுதான இருக்குது. அதுக்குத்தான் இன்னா பண்றதுன்னு யோசிக்கிறேன்.”

“மோட்டார் சுவிட்சுலேருந்தே இதுக்கும் கரண்ட் குடுத்தா? அத அணைச்சா இதுவும் அணைஞ்சுடுமில்ல.”

ஜெகதீசன் அவளைப் பார்த்தான். எளிய விஷயம். மாடிக்கும் சமையலறைக்கும் நடந்த நடையில் அவனுக்குத் தோன்றவே இல்லை. “நீ இத்தன நாளு எங்க இருந்த?” என்று கேட்டான்.

“எல்கேஜில” என்றாள் வேணி. போர்டை மேசையில் வைத்துவிட்டு, “எங்க கிளாஸ்ல, கையத் தூக்கினா எரியிற மாதிரி ஒரு லைட்டு பண்ண முடியுமா? பசங்க குதிப்பாங்க” என்றாள்.

“பண்ணலாம். நீயே பண்ணு.”

அவன் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். ராடு சூடாகும்வரை காத்திருந்தார்கள். எப்படிப் பிடிப்பது, எங்கே தொடுவது, எப்போது எடுப்பது என்று சொன்னான். முதல் துளி ஈயம் உருண்டையாகத் திரண்டு மேசையில் ஓடிவிட்டது. இரண்டாவது ஒயரின் மேல் மொட்டு மாதிரி நின்றது. அவன் அது பரவாயில்லை என்று சொல்ல வந்தான். வேணி அதை உருக்கி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். நாக்கின் நுனியைப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டு, மூக்கு மேசையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள். நாளைக் காலையில் முதல் வண்டி; சீக்கிரம் படுக்க வேண்டும் என்பது ஜெகதீசனுக்கு ஞாபகம் வந்து, போய்விட்டது.

“கொஞ்சம் இந்தாண்ட...” என்று தொடங்கினான்.

“பேசாதீங்க. கை ஆடுது” என்றாள் வேணி.

அவன் விளக்கை மட்டும் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான்.